விரதம் கெட்ட காய்ச்சல்

அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் தெருவில் 'விரதம் கெட்ட காய்ச்சல்' என்று பேர். அந்தப் பேர் வரக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ பெரிய பத்தினி என்று நினைத்துக்கொண்டு யாரும் இந்தக் கதையைக் கேட்க வேண்டாம்.

சுதந்திரம் வந்த வருஷம் அது. பாளையம்பட்டியை ஒட்டி எங்கள் தறித்தெரு. நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு குழித்தறி, தெருக்கோடியில் சௌடேஸ்வரி அம்மன் கோயில். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசல் தாண்டினால் தமிழ். என் பேர் சௌடம்மாள். என் வீட்டுக்காரர் சென்னய்யா நன்றாக நெய்வார், அதைவிட நன்றாகக் கத்தி போடுவார்.

வெளியாட்களுக்குக் கத்தி போடுவது தெரியாது. விஜயதசமியன்று ஊருணித் தண்ணீரைக் கலசத்தில் எடுத்து அம்மனை அழைத்து வருவோம். அவள் சும்மா வரமாட்டாள். விரதம் இருந்த ஆண்கள் இரண்டு கையிலும் கத்தியைப் பிடித்து, "தாயே தீசுக்கோ" என்று சொல்லிச் சொல்லித் தங்கள் மார்பிலும் தோளிலும் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். 'ஏற்றுக்கொள் தாயே' என்று அர்த்தம். ரத்தம் வழியும் இடத்தில் கோயில் மஞ்சள்பொடியை அப்புவார்கள். அதற்குப் பண்டாரம் என்று பேர். வேறு மருந்து அந்தக் காயத்தில் படக்கூடாது. கத்தி போடுவதற்கு முன்னால் இருபத்தொரு நாள் விரதம். புருஷன் கோயிலில் படுப்பார், பெண்டாட்டி சோற்றை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். போட்ட பிறகு மூன்றாம் வெள்ளி கழிகிறவரை அந்த உடம்பு அம்மனுடையது.

மூன்று வருஷமாகப் பொய்த்த மழை அந்த ஐப்பசியில் முந்திக்கொண்டு கொட்டியது. சோளக்கொல்லைகளிலும் பஞ்சுக் கிட்டங்கிப் பக்கமும் புரண்டு வந்த தண்ணீரெல்லாம் ஊருணியில் விழுந்து, ஊருணி தளும்பியது. எலி வளைகள் மூழ்கி, செத்த எலிகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றைக் குச்சியால் தள்ளிவிட்டுத்தான் கலசத்தை முக்கினார்கள். தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் எலியை யார் பார்த்தார்கள்.

கலசத்தோடு தண்ணீருக்குள் இறங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் எதிர்வீட்டுப் பாலையா. இருபத்திரண்டு வயது. வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி பாலாமணி, அக்கா அக்கா என்று என் பின்னாலேயே திரிகிற பிள்ளை. அன்றைக்கு அம்மன் வர வெகுநேரம் பிடித்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே இருவரும் கத்தி போட்டார்கள். ரத்தம் மார்பிலிருந்து வழிந்து தண்ணீரில் கலந்தது. கரையில் நின்று நானும் பாலாமணியும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கமாட்டேன்.

பத்தாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் குளிர் கண்டது. தீபாவளிச் சேலை தறியில் இருந்தது. குழிக்குள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவர், எழுந்திருக்கப் பார்த்து அப்படியே விழுந்தார்.

"கெண்டக்காலு ரெண்டும் உயிர் போகுது. தொடாத," என்றார்.

மிதி மிதித்த கடுப்பு என்றுதான் நினைத்தேன். மறுநாள் கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்தது, உடம்பு கொதித்தது. எங்கள் பெரியதனக்காரர் வேங்கடபதி மாமா வந்து பார்த்தார். தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்வதுதான்.

"அவ இன்னும் எறங்கலம்மா. ஒடம்புலதான் இருக்கா. கோயில்ல கொண்டாந்து கெடத்துவோம்," என்றார்.

வேங்கடபதி மாமா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர் என் வீட்டுக்காரர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து விசிறிவிட்டவர். அப்படிப்பட்டவரை எப்படி மறுப்பது.

கோயிலின் பக்க மண்டபத்தில் கிடத்தி, காலையும் மாலையும் காயத்தில் புதுப் பண்டாரம் பூசினார்கள். நான்காம் நாள் அவர் மேல் முழுக்க மஞ்சளாக இருந்தது. பொடிதான் வியர்வையில் பரவியிருக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. மறுபடி துடைத்தேன். பிறகு அவர் இமையை விலக்கிப் பார்த்தேன், கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. மேலுக்குப் பூசுவார்கள், சரி. கண்ணுக்குள் யார் பண்டாரம் போட்டது?

மறுநாள் பல் ஈறெல்லாம் ரத்தம் கசிந்தது. விக்கல் பிடித்து நிற்கவே இல்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒரு சொட்டு ஒன்றுக்குப் போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதையெல்லாம் ஆண்கள் கவனிக்கமாட்டார்கள். சாயக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டைக்கு நடந்தேன்.

அங்கே சங்கரபாண்டியன் என்று ஒரு டாக்டர், பர்மாச் சண்டையில் பட்டாளத்தோடு இருந்துவிட்டு வந்தவர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கெண்டக்காலுல வலின்னாரா? கண்ணு மொதல்ல செவந்துச்சா?"

"ஆமாங்கய்யா."

"தண்ணிக்குள்ள எங்கயும் எறங்கினாரா?"

ஊருணியில் நின்றதைச் சொன்னேன். காயத்தோடா என்றார். காயத்தோடுதான் என்றேன்.

"எலி மூத்திரம் கலந்த தண்ணிம்மா அது. அதுல ஒரு கிருமி இருக்கு. வெட்டுக்காயம் வழியா உள்ள போயிரும். ஈரலப் பிடிச்சா மஞ்சளாகும். ஆட்டுக்குக் குண்டிக்கா இருக்குல்ல, நமக்கும் இருக்கு. அதப் பிடிச்சா மூத்திரம் நின்னுபோகும். பட்டாளத்துல இதுல செத்தவுகள எனக்குத் தெரியும்." ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போ. பென்சிலின்னு புது மருந்து அங்க இருக்கு. இன்னைக்கே போகணும். நாளைக்குன்னா இந்த லெட்டருக்குப் பிரயோசனம் இருக்காது."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். கோயிலில் தெருவே கூடியிருந்தது. வேங்கடபதி மாமாவிடம் கடிதத்தைக் காட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லா வருசமும் அதே ஊருணியிலதானம்மா எறங்குறோம். எங்கப்பா எறங்கினாரு, நான் எறங்குனேன். எலிக்கா பயப்படுறது? மூணாம் வெள்ளிக்கு இன்னும் அஞ்சு நாளு. அதுக்குள்ள இந்த ஒடம்புல ஊசி குத்துனா, பெறகு வார கேட்டுக்கு யாரு பொறுப்பு?"

"அஞ்சு நாளு தாங்கமாட்டாக மாமா."

"ஒடம்பு அவ சொத்து. அவ எடுத்துக்கிட்டான்னா, அதும் பாக்கியம்தான்."

சுற்றிலும் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாயோரம் ரத்தம் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாக்கியம் எனக்கு வேண்டாம். எனக்கு அவர் வேண்டும். தறிக்குழிக்குள் உட்கார்ந்து, கஞ்சி சூடாக இருக்கிறது என்று எரிந்துவிழுகிற மனுஷன் வேண்டும். அம்மனுடைய உடம்பு என்பதால்தானே விடமாட்டேன் என்கிறார்கள். அது அம்மனுடைய உடம்பு இல்லை என்று ஆக்கிவிட்டால்? அந்த நினைப்பு வந்த கையோடு வாயும் திறந்துவிட்டது.

"இது அம்மன் ஒடம்பு இல்ல மாமா. விரதம் கெட்டுப்போச்சு. என்னாலதான்."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னம்மா சொல்ற?"

"விரதத்துல பதினஞ்சாம் நாளு. சோறு கொண்டாந்தப்ப. நான் வெலகி நிக்கல."

என் வீட்டுக்காரர் உதடு அசைந்தது. "இல்ல," என்று முனகினார். பக்கத்தில் குனிந்திருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. விக்கல் வந்து அந்த வார்த்தையை அமுக்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் பாலாமணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வெளிய தூக்குங்க," என்றார் வேங்கடபதி மாமா. அவர் குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது.

ஆனால் தூக்க எங்கள் ஆட்களில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. கிட்டங்கிக்குப் பஞ்சு வண்டி ஓட்டுகிற உக்கிரபாண்டியும் அவன் தம்பி வீரணனும் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் வரும் உரிமை அவர்களுக்கு இல்லை. நானே தோளுக்குக் கை கொடுத்து, வாசல்வரை இழுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் வெளியேறியதும் பின்னால் மண்டபத்தைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது.

கரி போட்டு ஓட்டுகிற பஸ். காரியாபட்டியில் நிறுத்தி, அடுப்பைக் கிளறிக் கிளறி, மதுரை போய்ச் சேர அரைநாள் ஆனது. வழியெல்லாம் அவர் என் மடியில் ரத்தமாகக் கக்கினார். கூட வந்த ஜனம் காசநோய் என்று பயந்து பஸ்ஸின் பின்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி. கையில் உப்புத்தண்ணீர் ஏறியது. கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குடுவை வைத்திருந்தார்கள்.

"மருந்து கிருமியக் கொல்லும். ஆனா குண்டிக்கா தானாத்தான் தொறக்கணும்," என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். "அந்தக் குடுவையில மூத்திரம் வந்தா பொழைப்பாரு."

ஆகவே நான் குடுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மனைக் கும்பிட எனக்கு முகம் இல்லை. அவள் சன்னதியில் நின்று அவள் தலையில் அடித்த மாதிரி ஒரு பொய் சொன்னவள் நான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது, மூச்சில் மூத்திர வாடை அடித்தது.

இரண்டாம் நாள் டாக்டர் கேட்டார்.

"அந்தத் தண்ணியில வேற யாரும் எறங்குனாங்களா?"

"எறங்குனாங்க. எதிர்வீட்டுப் பையன்."

"காயத்தோட?"

"காயத்தோடதான்."

"உடனே எழுதிப் போடு. காச்சல்னு ஆரம்பிச்ச அன்னைக்கே இங்க வந்துட்டான்னா ஒண்ணும் ஆகாது. ஒனக்கு நடந்த மாதிரி லேட்டாக்கிரக் கூடாது."

அருஞ்சுனை என்ற நர்ஸ் ஒரு தபால் கார்டு கொண்டுவந்து பாலாமணி பேருக்கு எழுதினாள். நான் சொன்னேன்: பாலையாவுக்குக் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுவரவும். இது ஊருணித் தண்ணீரில் எலியால் வந்த நோய் என்று டாக்டர் சொல்கிறார். இவருக்கு ஊசி போடுகிறார்கள்.

"வேற ஏதாச்சும் எழுதணுமாக்கா? எடம் இருக்கு," என்றாள்.

எழுத வேண்டியது எதுவென்று எனக்குத் தெரியும். நான் கோயிலில் சொன்னது பொய் என்ற ஒரு வரி. விரதம் கெட்டவளுக்காவது பரிகாரம் உண்டு. சன்னதியில் நின்று பொய் சொன்னவளைத் தெருவை விட்டே விலக்கிவிடுவார்கள். பிழைத்து வந்தாலும் அவருக்கு நூல் தர ஆள் இருக்காது. அதோடு, உடம்பை மறுபடி கேட்டு ஆளனுப்பிவிடுவார்களோ என்றும் பயந்தேன். பயந்தேன் என்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் அந்தப் பயத்துக்கு நான் தேடிக்கொண்ட காரணங்கள்.

"அவ்வளவுதான். போட்டுரு," என்றேன்.

தீபாவளியன்று ஊரெல்லாம் வெடிச்சத்தம். மறுநாள் காலையில் குடுவையின் அடியில் ஒரு கரண்டி அளவுக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. அருஞ்சுனை அதைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று சாயங்காலம் கால் குடுவை. அடுத்த நாள் இரண்டு குடுவை. மூத்திரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நினைவு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் எப்ப விரதத்தக் கெடுத்தேன்?" என்பதுதான்.

"கெடுக்கல."

"பெறகு ஏன் சொன்ன?"

"சொல்லலேன்னா நீங்க இப்பக் கேக்க இருந்திருக்கமாட்டீக."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாள் பேசவில்லை. இனி அவர் கையில் யாரும் கத்தியைக் கொடுக்கமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நான் வருத்தப்பட்டேன், ஆனால் வெட்கப்படவில்லை. உயிரோடு கிடந்து கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் நின்ற இடத்துக்கு உக்கிரபாண்டி வண்டியோடு வந்திருந்தான். அவரை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, மாட்டைத் தட்டாமல் நின்றான்.

"எதிர்வீட்டுப் பாலையா தவறிட்டாரும்மா. பதினாறும் முடிஞ்சிருச்சு. அதே காச்சல்தானாம். கடைசிவரைக்கும் யாருக்கும் சொல்லாம வீட்டுக்குள்ளயே வச்சிருந்திருக்காக."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கார்டு போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பாலாமணி வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, கையில் வளையல் இல்லை. நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கார்டு வந்துச்சுக்கா," என்றாள். "பெரியதனத்து மாமா வாசிச்சுச் சொன்னாரு. அவ செஞ்ச தப்ப மறைக்க ஊருணி மேல பழி போடுறான்னு எல்லாரும் பேசிக்கிட்டாக."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு நாளுலயே அவுகளுக்குக் காச்சல். காலு வலி. கண்ணு செவந்திருச்சு. நான் சொன்னேன், மதுரைக்குப் போயிருவோம்னு. 'போனா நம்மளும் அப்படித்தான்னு ஊரு பேசும். சென்னய்யா அண்ணன் பெண்டாட்டிய என்ன பேசுறாக, கேட்டேல்ல. ஒன்ன அப்படிப் பேசவிடமாட்டேன்'னாக. வேலை சாஸ்தின்னு சொல்லிக் கதவச் சாத்திக்கிட்டாக. மூணு நாளு ஒண்ணுக்கே போகல. என் பேருக்காகத்தான்க்கா பேசாமக் கெடந்து செத்தாக."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவளைப் பிடித்துக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

"இப்ப மட்டும் பேசாம இருக்காகளா? இவளும் வெலகி நிக்கலைன்னுதான் பேசுறாக. நாங்க ஒரு தப்பும் பண்ணலக்கா. பண்ணுன ஒங்களுக்கு வந்தது சரி. எங்களுக்கு ஏன் வந்துச்சு?"

"நாங்களும் பண்ணல," என்றேன். "நான் சொன்னது பொய்யி. கோயில்ல இருந்து வெளிய கொண்டுபோக வேற வழி தெரியல."

என்னை அடிக்கலாம், ஏசலாம், எதற்கும் நான் தயாராக இருந்தேன்.

"கார்டுல அந்த ஒரு வார்த்த இருந்திருந்தா அவுகள நான் இழுத்துட்டாச்சும் வந்திருப்பேன்," என்றாள். பிறகு எழுந்தாள். "வாங்க. இத மாமாட்டச் சொல்லுங்க. எம் பேராச்சும் மிஞ்சட்டும். அவுக அதுக்காகத்தான செத்தாக."

உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போ," என்றார். "தெருவ விட்டு வெலக்குனா வெலக்கட்டும்."

வேங்கடபதி மாமா தறியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்து வந்தார். நான் நின்றபடியே சொன்னேன். விரதம் கெடவில்லை, பதினைந்தாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை, நான் சொன்னது முழுப் பொய், ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே நோய், அது தண்ணீரிலிருந்து வந்தது. எந்தத் தண்டனை என்றாலும் கொடுங்கள் என்றேன். இத்தனை நாளும் எதற்குப் பயந்தேனோ, அதை நானே கேட்டு வாங்க வந்துவிட்டேன். மனசு லேசாகக்கூட இருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். முகத்தில் கோபமே இல்லை.

"எம்மா, ஒரு பொம்பள தன் மானத்த விட்டு, ஊரு முன்னால அப்படியொரு பொய்யச் சொல்லுவாளா? எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டா. அன்னைக்கு நீ சொன்னதுதான் நெசம். இந்தப் பிள்ளை மேல எரக்கப்பட்டு இப்பப் பொய் சொல்ற. ஒன் மனசு எனக்குப் புரியுது. ஆனா அம்மன் விசயத்துல பொய் வேண்டாம்மா."

"சத்தியமா மாமா."

"சத்தியம் பண்ணாத. பரிகாரம் பண்ணிட்டுத் தெருவுல இரு. ஒன்ன யாரும் வெலக்கமாட்டாக." பிறகு பாலாமணி பக்கம் திரும்பினார். மகளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். "நீயும் மனசுல உள்ளத என்னைக்காச்சும் சொல்லிரும்மா. சொல்லிட்டா பாரம் கொறையும். இவ சொன்னா, புருசன் பொழச்சு வந்துட்டான் பாத்தியா."

பாலாமணி என்னைப் பார்க்கவே இல்லை.

"சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல மாமா," என்றாள்.

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.